ஒரே லைனில் மூன்று கம்ப்யூட்டர்

இன்று காலை கடைக்கு வந்த புதுக் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் இணைப்பைச் சரிசெய்யும்போது, 'ப்ராக்ஸி' என்ற கட்டம் திரையில் வந்தது. முகவரி எழுத ஓரிடம், பக்கத்தில் போர்ட் எண்ணுக்கு ஓரிடம். இப்போது அதை நிரப்ப வேண்டியதில்லை. இருந்தாலும் அதை மூட மனம் வராமல் உட்கார்ந்திருந்தேன். நீ கண்ணை மூடி இன்னும் அதிக நாளாகவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், ஏற்காடு கடைவீதியில் உன் அத்தாவின் மளிகைக் கடை மாடியில் தோழிகள் நாம் இருவரும் பிரௌசிங் சென்டர் திறந்தோம். மூன்று கம்ப்யூட்டர், ஒரே போன் லைன். சேலத்திலிருந்து வந்த மெக்கானிக் ஒன்றுக்கு மட்டும் இணைப்புக் கொடுத்துவிட்டு, "மத்த ரெண்டுக்கும் தனித்தனி லைன் வேணுமுங்க. இல்லாட்டி டைப்பிங் கிளாசுக்கு வெச்சுக்கங்க" என்று சொல்லிப் பஸ் ஏறிவிட்டார். உன் பெரியத்தா, உன் அப்பாவின் அண்ணன், அன்றைக்கே மாடியேறி வந்தார்.

"பொம்பளப் புள்ளைங்க கடை வெக்கிறது நம்மூட்டுல வழக்கமில்ல. மூடிப்போட்டு வா கண்ணு."

"இனிமேட்டு வழக்கமுங்க பெரியத்தா" என்றாய். குரலை உயர்த்தவில்லை.

லைன் இருந்த கம்ப்யூட்டரில் ப்ராக்ஸி மென்பொருளை ஏற்றினாய். "வெளிய போயிக் கேட்டு வாங்கியாற ஒருத்தி போதும் புள்ள. மத்த ரெண்டு பேரும் அவகிட்டக் கேட்டுக்கட்டும்" என்று எனக்குப் புரிய வைத்தாய். மற்ற இரண்டின் பிரௌசரிலும் அந்த முகவரியையும் போர்ட்டையும் எழுதினோம். பக்கங்கள் திறந்தன. மெயில் மட்டும் வரவே இல்லை. அந்த மெயில் ப்ரோக்ராமில் ப்ராக்ஸி எழுத இடமே கிடையாது. நான் சோர்ந்துபோய் என் ஊருக்கு, வெள்ளக்கடைக்கு, பஸ் பிடிக்கக் கிளம்பினேன்.

"உக்காரு புள்ள. பக்கம் தெறக்குதில்ல? அப்ப லைன் மேல தப்பில்ல. மெயிலுக்குத் தனியாச் சொல்லோணும்."

மெயில் சர்வரின் பெயர் இருந்த இடத்தில் நம் முதல் கம்ப்யூட்டரின் முகவரியை எழுதினாய். மெயில் கேட்டு வந்தால் வெளியே எந்த சர்வரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று அந்த ப்ராக்ஸிக்கும் எழுதி வைத்தாய். சாயங்காலத்துக்குள் மெயில் வந்து இறங்கியது. மெக்கானிக்குக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் டீ குடித்தாய்.

பிளஸ் டூ ரிசல்ட் அன்று கோடை மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து, பஸ்கள் அடிவாரத்திலேயே நின்றுவிட்டன. சேலம் போக வழியில்லாத பிள்ளைகள், தூரத்து மலைக்கிராமமான கொட்டச்சேட்டிலிருந்துகூட, நம் மாடிப்படியில் வந்து நின்றார்கள். மூன்று திரையிலும் பார்த்துச் சொன்னோம். உன் பெரியத்தா பேத்தியைக் கூட்டிக்கொண்டு, நின்றவர்களை விலக்கி உள்ளே வந்தார்.

"வரிசையில வாங்க பெரியத்தா."

அவர் உன்னை முறைத்தார். நீ திரையைப் பார்த்து அடுத்த நம்பரைக் கேட்டாய். அவர் படியிறங்கிக் கடைசியில் போய் நின்றார். பேத்தி பாஸ். கடையை மூடச் சொல்லி அவர் அதன்பின் வரவில்லை.

உன் துக்கத்துக்கு வந்த ஒரு அம்மா, "பாவம், கண்ணாலங்கூடப் பண்ணிக்காம கடையிலயே காலத்தப் போக்கிட்டா" என்றார். துக்க வீடென்று நான் பார்க்கவில்லை. "போக்கலீங்க, அவளுக்குப் புடிச்சாப்புல வாழ்ந்தா" என்றேன்.

போன வாரம் கடைக்குப் புதுப் பலகை எழுத வந்தவர், "போனவங்க பேரு எதுக்குங்க, உங்க பேரு மட்டும் போட்டுரட்டுங்களா?" என்று கேட்டார்.

முதலில் உன் பெயரை எழுதச் சொன்னேன். அவர் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.