கிடங்கின் மேல் வரைந்த குளம்

மூத்தவளுக்கு அப்பா எழுதுவது.

முந்தாநாள் நகராட்சிக் கூட்டத்தில் நீ வரைந்த விளையாட்டு வளாகத்தின் வரைபடத்தைத் திரையில் போட்டார்கள், நம் டைல்ஸ் கிடங்கு இருக்கிற இடத்தில் நீலமாக ஒரு நீச்சல்குளம் கிடந்தது, கீழே ஓரத்தில் உன் பெயர். உன் அம்மா சுகமாக இருக்கிறாள், தம்பி சுகமாக இருக்கிறான், நான் இல்லை. நீ சுகமாகத்தான் இருப்பாய், அப்பன் தலையில் குளம் வெட்டுகிறவளுக்கு என்ன குறை.

பத்து வயதுவரை அந்தக் கிடங்கில் டைல்ஸ் பெட்டிமேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள் நீ. இப்போது எங்கேயோ குளிரூட்டிய அறையில் உட்கார்ந்துகொண்டு, வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து, இது ஒரு தகரக் கூரை, தூக்கிவிடலாம் என்று கோடு போட்டிருக்கிறாய். நகராட்சிப் பொறியாளர் சிவப்பு விளக்கால் திரையைச் சுட்டிச் சுட்டி, முப்பது வருஷம் கழித்துப் பிறக்கப்போகிறவர்களுக்கும் சேர்த்து யோசித்த திட்டம் என்று பெருமையாகச் சொன்னார். பிறக்காதவர்களை யோசித்த உனக்குப் பெற்றவனை யோசிக்க நேரமில்லை. அதிலும் என்ன யோசனை, ஆயிரம் பேர் வந்துபோகிற இடத்தில் பெண்கள் கழிவறைக்கு மூன்றே கதவு, நடைபாதை நெடுக ஒரு மரம் கிடையாது. நான் கடை போட்ட முதல் வருஷமே இதைவிட நன்றாகக் கணக்குப் போட்டேன்.

எழுந்து நின்று கேட்டேன், யார் சார் உங்களிடம் நீச்சல்குளம் கேட்டது என்று. அவர் சிரித்துக்கொண்டே, "ஜனங்கதான் கேட்டாங்க, நானூறு படிவத்துல முந்நூறு பேரு நீச்சல்குளம், அதுவும் பெரிய அளவுன்னு டிக் போட்டிருக்காங்க, பாருங்க" என்று ஒரு கட்டைத் தூக்கிக் காட்டினார். முக்கால்வாசி ஒரே பச்சை மை. முன்வரிசையில் இருந்த மரக்கடைக்காரன் திரும்பி, "என்ன முதலாளி, உங்க கடைச் சீட்டு எழுதுற பேனா மாதிரி இல்ல?" என்றான். கூடம் முழுக்கச் சிரித்தது.

ஊரார் சொல்லித் தெரிவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஆமாம், போன வருஷம் வளாகத்தில் என்னென்ன வேண்டும் என்று கேட்டு நகராட்சிப் படிவம் வந்தபோது சுமை இறக்குகிறவர்கள், ஓட்டுநர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் என்று எல்லோரையும் நான்தான் என் பேனாவைக் கொடுத்து டிக் போடச் சொன்னேன். ஒரு பெரிய குளம் என்றால் இருநூறு குளியலறைக்கு உண்டான டைல்ஸ் போகும், யோசித்துப் பார். பந்து விளையாடுகிற காலி மைதானத்தில் கட்டுவார்கள் என்று நினைத்தேன். மைதானமும் குளமும் சேர்ந்து அங்கே அடங்காது, பக்கத்திலிருக்கிற நம் கிடங்கையும் எடுப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அது என் முட்டாள்தனம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த முந்நூறு படிவமும் உன் மேசைக்குத்தானே வந்தது? அந்தப் பச்சை மையிலேதானே உன் பள்ளி மதிப்பெண் அட்டையில் வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டேன்? உனக்கா தெரியாது? தெரிந்தது. அம்மாவைக் கேட்டேன், அவளே சொல்லிவிட்டாள். "அப்பா கேட்டதத்தாம்மா வரைஞ்சிருக்கேன், அவரே வந்து பாத்துக்கட்டும்" என்றாயாம். மூன்று மாசமாகத் தாயும் மகளும் போனில் சிரித்திருக்கிறீர்கள், நான் பக்கத்து அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே வக்கீலிடம் ஆட்சேப மனு எழுதி வாங்கிவந்து அம்மா முன்னால் வைத்தேன். தொழில் நொடித்தால் கிடங்காவது மிஞ்சட்டும் என்று அதை அவள் பேரில் வாங்கியது உனக்குத் தெரியும். இருபது வருஷமாக நான் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டவள், முதல்முறையாக மூக்குக்கண்ணாடி கேட்டாள். முழுசாகப் படித்துவிட்டு, "கையெழுத்துதானே, போடறேங்க. எதுலன்னு நான் பாத்துக்கறேன்" என்றாள். நேற்றுக் காலை தனியாகப் பொறியாளர் அறைக்குள் போனவள் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், மகளே, வரி கட்ட வந்தவர்களெல்லாம் என்னை விசாரித்துவிட்டுப் போனார்கள்.

உன் கை வளம் குறையாமல் இருக்கட்டும், போடுகிற கோடு நிலைக்கட்டும், பெற்றவன் வாயால் வேறு என்ன வரும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அந்த இடம் மேற்கே சரிவு, அடைமழையில் கிடங்குக்குள் முழங்கால் தண்ணீர் நிற்கும், உன் படத்தில் உடை மாற்றும் அறை சரியாக அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது, தரையை இரண்டடி தூக்கு.

உன் அம்மா முடித்துக்கொண்டு வந்த ஒப்பந்தம் இது. கிடங்கு போகிறது. லாரி நிறுத்தத்துக்குப் பக்கத்தில் அதே அளவு இடம், கூரை போட்டுக் கொடுத்த பிறகுதான் பழையதில் கை வைப்பார்கள். குளத்துக்கான டைல்ஸுக்கு நம் கடை விலைப்புள்ளி கொடுக்கக் கூடாது என்று பொறியாளர் கேட்டாராம், சரி என்று சொல்லிவிட்டாள், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலை ஐந்து முதல் ஏழு வரை குளம் பெண்களுக்கு மட்டும். அஸ்திவாரம் தோண்டும் முன்னால், படம் வரைந்தவர் நேரில் வந்து பத்து நாள் தங்கி, ஒவ்வொரு அடியையும் நடந்து அளக்க வேண்டும். பயணச் செலவு நகராட்சியுடையது, சாப்பாடு உன் அம்மாவுடையது. என்னோடு பேச வேண்டும் என்று அதில் எங்கும் எழுதவில்லை.

இப்படிக்கு,
அப்பா