இரண்டு தாளில் ஒரே பிழை

நிபோங் திபால்
3 மார்ச் 2024

அன்புத் தங்கை கோகிலாவுக்கு,

உன் நலம் கேட்டுத் தொடங்குவதுதான் முறை. இந்தத் தடவை எங்கள் வீட்டு நலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் மாமாவின் இருமல் சாதாரண இருமல் இல்லையாம். அரசாங்கக் கிளினிக்கில் சளியைச் சோதித்துப் பார்த்துவிட்டுக் காசநோய் என்று சொல்லிவிட்டார்கள். மாத்திரை தொடங்கியாயிற்று. அவர் சோபாவில் உட்கார்ந்து நேற்றைய நாளிதழையே இன்றும் படிக்கிறார்.

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நீ "சரிக்கா, சரிக்கா" என்றே தப்பித்துவிடுவாய். தாளில் கேட்டால் தாளில் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கேட்கிறேன். ஜார்ஜ் டவுன் ஆய்வுக்கூடத்தில் இத்தனை வருடமாக நீ வளர்ப்பது இதே கிருமியைத்தானே? ஞாயிறுதோறும் எங்கள் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாய். வேறு யார் இந்த வீட்டுக்கு வருகிறார்கள்? நான் கோயிலுக்கும் பாசாருக்கும் போகிறேன். அவர் வியாழக்கிழமை பட்டர்வொர்த்தில் ஓய்வூதியர் சங்கக் கூட்டத்துக்குப் போகிறார். அவ்வளவுதான் எங்கள் உலகம். வகுப்பில் ஒரு பிள்ளையின் சட்டையில் மைக்கறை. பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் கையில் மைப்புட்டி. நான் யாரை எழுப்பி நிறுத்திக் கேட்பேன்? அப்படித்தான் உன்னைக் கேட்கிறேன்.

பதில் தெரியும்வரை ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம்.

இன்னொன்று. என் மகனுக்குத் தெரியப்படுத்தட்டுமா என்று கேட்பாய். வேண்டாம். கல்லூரிக்குப் போகிறேன் என்று இரண்டு வருடம் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னவனை வெளியே அனுப்பி நாலு வருடம் ஆகிறது. அவன் பெயர் இங்கே இல்லை. அப்படியே இருக்கட்டும்.

அக்கா
குணவதி


ஜெலுத்தோங்
10 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. இரண்டாம் தடவை படித்தபோது, உன் இடத்தில் இருந்தால் நானும் இதைத்தான் கேட்டிருப்பேன் என்று தோன்றியது.

நான் வேலை செய்யும் அறையின் காற்று வெளியே போகாது. கதவைத் திறந்தால் வெளிக்காற்றுதான் உள்ளே இழுக்கப்படும். இரண்டு கையுறை, முகக்கவசம், மேலங்கி. வெளியே வரும்போது எல்லாவற்றையும் அங்கேயே கழற்றிவிட வேண்டும். இந்தக் கிருமி துணியில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வராது. நோய் உள்ளவர் இருமினால்தான் அடுத்தவருக்குப் போகும். உன் கடிதம் வந்த மறுநாளே நான் நெஞ்சு எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் எடுத்துக்கொண்டேன். எனக்கு ஒன்றுமில்லை.

ஆனால் "நான் இல்லை" என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அதனால் எங்கள் தலைவரிடம் நானே போய் விஷயத்தைச் சொன்னேன். "முடிவு வர்றவரைக்கும் உள்ள போகாதீங்க கோகிலா" என்றார். இப்போது என் அட்டையைக் காட்டினால் அந்தக் கதவு திறப்பதில்லை. வெளி மேசையில் உட்கார்ந்து அறிக்கை தட்டச்சு செய்கிறேன். கூட வேலை பார்க்கும் பெண்கள் "என்னக்கா, ரெஸ்ட்டா?" என்று சிரிக்கிறார்கள். நான் லிஃப்டில் ஏறினால் மட்டும் அடுத்த நடைக்கு வருகிறோம் என்கிறார்கள்.

மாமாவின் சளியிலிருந்து கிருமியை வளர்த்து எங்களுடையவற்றோடு ஒப்பிடுவார்கள். கிருமி பெருகும்போது தன்னைத் தானே பார்த்து எழுதிக்கொள்கிறது என்று வைத்துக்கொள். எப்போதாவது ஓர் எழுத்தைத் தப்பாக எழுதிவிடும். அதைப் பார்த்து எழுதும் அடுத்ததும் அந்தத் தப்போடுதான் எழுதும். அதைத்தான் தேடுகிறோம். மெதுவாக வளரும் கிருமி, பல வாரம் பிடிக்கும். சொந்தக்காரரின் சளி என்பதால் நான் தொடக் கூடாது. ஷஃபீக் என்று ஒரு தம்பி செய்கிறார்.

நீயும் கிளினிக்கில் சோதித்துக்கொள். உன் மகன் தனேஷ் பற்றி நீ எழுதியதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

உன்
கோகிலா


நிபோங் திபால்
17 மார்ச் 2024

கோகிலா,

சோதித்துக்கொண்டேன். எனக்கு இல்லை.

நீ சொன்ன பிழை விஷயம் எனக்கு நன்றாகவே புரிந்தது. ஒரு வருடம் நாலாம் வகுப்புக் கணக்குத் தாள் திருத்தினேன். பக்கத்துப் பக்கத்து மேசைப் பையன்கள் இரண்டு பேரும் நூறில் எண்பது. சரியான விடைகள் ஒன்றாக இருந்தால் நான் என்ன சொல்ல முடியும்? சரியான விடை எல்லோருக்கும் பொது. ஆனால் இரண்டு பேருமே நாற்பத்தேழை ஆறால் பெருக்கி இருநூற்று எழுபத்திரண்டு என்று எழுதியிருந்தார்கள். கூப்பிட்டேன். ஒருவன் அழுதுவிட்டான். பிழை அவரவர் சொத்து, அது இரண்டு இடத்தில் இருந்தால் ஒருவன் எடுத்திருக்கிறான்.

அதனால் உன் முறையில் எனக்குச் சந்தேகமில்லை. திருத்துகிற ஆள் மீதுதான் சந்தேகம். ஷஃபீக் தம்பி உன் பக்கத்து மேசைதானே? உன் வேலை போனால் அவருக்கும் நல்லதில்லை, உங்கள் கூடத்துக்கும் நல்லதில்லை. பள்ளியில் அவரவர் பிள்ளையின் தாளை அவரவர் திருத்த விடமாட்டோம்.

அடுத்த வீட்டு நல்லம்மாள் வேலியோரம் வந்து, "டீச்சர், கோச்சுக்காதீங்க. உங்க தங்கச்சி காடி வாசல்ல வந்து நின்னாலே நான் ஜன்னலச் சாத்திருவேன்லா" என்றாள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. உனக்காக ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அதையும் உனக்கு எழுதிவிடுகிறேன், பிறகு வேறு யாராவது சொல்லி நீ கேட்கக் கூடாது.

மாமா பத்திய ரசம்தான் சாப்பிடுகிறார். உன்னைப் பற்றி நான் ஏதாவது சொன்னால் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுகிறார். அது ஏன் என்றும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

குணவதி


ஜெலுத்தோங்
5 மே 2024

அக்கா,

முடிவு வந்துவிட்டது. மாமாவின் கிருமி எங்கள் அறையில் உள்ள எதனோடும் பொருந்தவில்லை. உனக்காகவே, கோலாலம்பூரில் இன்னொரு கூடத்திலும் ஒரு தடவை பார்க்கச் சொன்னேன். அங்கேயும் இதே பதில்தான். நேற்று என் அட்டைக்குக் கதவு திறந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. லிஃப்டில் மட்டும் கூட்டம்.

இன்னொரு தாளில் அதே பிழைகள் இருக்கின்றன. ஜார்ஜ் டவுன் இருக்கும் இந்தத் தீவில் ஒரு நோயாளி. அவருடைய கிருமி எங்கள் கூடத்துக்குள் வந்ததே இல்லை. வேறு இடத்தில் வாசித்து, எழுத்தை மட்டும் கணினியில் அனுப்பினார்கள். ஆகவே எங்கள் கூடத்திலிருந்து அதை நான் எடுத்து வந்தேன் என்றும் நீ சொல்ல முடியாது. எங்களுக்கு ஓர் எண்தான் தெரியும். பெயர் தெரியாது.

மாமாவிடம் போனில் பேசினேன். அவர் உன்னிடம் சொல்வதாகச் சொன்னார். அதற்கு மேல் என்னைக் கேட்காதே அக்கா.

கோகிலா


நிபோங் திபால்
12 மே 2024

கோகிலா,

அவர் சொல்லவில்லை.

"தீவில் யாரைப் பார்த்தீர்கள்?" என்று கேட்டேன். "நீ நினைக்கிற மாதிரி இல்லலா குணா" என்றார். நான் எதையும் நினைக்கும் முன்பே இந்தப் பதில் வந்துவிட்டது. பிறகுதான் நினைக்கத் தொடங்கினேன்.

சங்கச் செயலாளர் யுகேந்திரனுக்குப் போன் போட்டேன். "அண்ணே கூட்டத்துக்கு வந்து ஒரு வருஷம் இருக்கும்லா அக்கா. நீங்கதான் விட மாட்டேங்கறீங்கன்னு நாங்க பேசிக்கிட்டோம்" என்றார். சிரித்துவிட்டுப் போனை வைத்தேன். எப்படிச் சிரித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஒரு வருடமாக வியாழன்தோறும் சவரம் செய்துகொண்டு, நான் இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, கொமுட்டர் ரயில் ஏறி, பிறகு தீவுக்கு ஃபெரியும் ஏறியிருக்கிறார். போன தீபாவளி முறுக்கில் இரண்டு டின் காணாமல் போனது. எலி என்று நினைத்துப் பொறி வைத்தேன். எலி டின்னோடு தூக்கிக்கொண்டு போகுமா என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். முப்பது வருடம் பிள்ளைகளின் பொய்யைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவள் நான்.

யார் அவள்? உனக்குத் தெரியும். "கேட்காதே" என்று எழுதுகிறவளுக்குத் தெரியாமல் இருக்காது. நீ கிருமி கொண்டுவந்தாய் என்று சந்தேகப்பட்டேன். அது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது அதைவிட மோசம். என் வீட்டு விஷயம் உனக்கும் அவருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

பெயரை எழுது. பெயர் இல்லாத கடிதம் வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன். அதற்குப் பிறகு எனக்குத் தங்கை இல்லை.

குணவதி


ஜெலுத்தோங்
16 மே 2024

அக்கா,

அவள் என்று யாரும் இல்லை. தனேஷ்.

மாமாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "நீயே எழுதும்மா. என் வாயால சொன்னா அவ பாதியிலயே எழுந்திரிச்சுப் போயிருவா" என்றார். அந்த எண்ணோடு வந்த வயதைப் பார்த்து, அந்தக் கிருமி தீவில் ஓர் இளைஞனுடையது என்று தெரிந்ததும் நான் மாமாவைக் கேட்டேன். போனிலேயே அழுதார். தானே சொல்லும்வரை நான் உன்னிடம் சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டார்.

தனேஷ் சூலியா தெருவில் ஒரு நாணயமாற்றுக் கடையில் கல்லாவில் நிற்கிறான். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்னால் ஒரு மாடி அறை. ஜன்னல் கிடையாது. போன வருடம் மாமா தற்செயலாக அவனைத் தெருவில் பார்த்திருக்கிறார். அப்போதே இருமல். வியாழன்தோறும் அந்த அறையில் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டிருக்கிறார்கள். முறுக்கும் அங்கேதான் போனது.

நான் போய்ப் பார்த்தேன். கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை இரண்டு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறான். இருமல் நின்றதும் கிளினிக்குக்குப் போவதை நிறுத்திவிட்டான். "நல்லாயிருச்சுலா சித்தி, சும்மா பயமுறுத்தாதீங்க" என்கிறான். மறுபடியும் இரும ஆரம்பித்திருக்கிறான், அக்கா. பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினான், நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு.

இதற்கு மேல் நான் மறைக்க முடியாததற்குக் காரணம் உன் மிரட்டல் இல்லை. பாதியில் விட்டால், செத்தும் சாகாமல் மிஞ்சுகிற கிருமிக்கு அந்த மருந்து பழகிவிடும். பிறகு வேறு மருந்துக்குப் போக வேண்டும், அதுவும் கேட்காமல் போகலாம். என் அறையில் அப்படிப்பட்ட கிருமிகளைத் தட்டில் வைத்துப் பார்த்திருக்கிறேன். எந்த மருந்தை ஊற்றினாலும் வளர்ந்துகொண்டே இருக்கும். அவன் மீண்டும் தொடங்கச் சம்மதித்திருக்கிறான். ஆனால் தினமும் ஒருவர் முன்னால் விழுங்க வேண்டும். நர்ஸ் வரச் சொன்னால் கடையில் ஆள் இல்லை என்கிறான். நான் கேட்டால் சாப்பிட்டேன் என்கிறான். நான் நம்புகிறேன், வேறு என்ன செய்வது?

கடிதத்தைத் திருப்பி அனுப்பினாலும் சரி. பெயர் எழுதிவிட்டேன்.

கோகிலா


நிபோங் திபால்
20 மே 2024

கோகிலா,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. ஒரு நாள் முழுக்க அதை எடுத்துப் படிப்பதும் வைப்பதுமாக இருந்தேன். மாமா பின்கட்டில் இருந்தார். நானும் கூப்பிடவில்லை.

இருட்டியதும் போய்க் கேட்டேன். "மெலிஞ்சிருக்கானா?" என்றேன். "ஆமா" என்றார். அவ்வளவுதான் பேசினோம்.

உன் மீது எனக்குக் கோபம் இருக்கிறது. அந்தப் பெயரை எனக்குச் சொல்லிவிடக் கூடாது என்று நீங்கள் இருவரும் சேர்ந்து பயந்திருக்கிறீர்கள். இரண்டு மாதம் நான் உன்னைக் கண்டபடி எழுதியும் நீ வாங்கிக்கொண்டாய். நான் அப்படிப்பட்ட ஆளாகவா தெரிகிறேன் என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். எழுதும்போதே பதில் தெரிந்துவிட்டது. விடு.

நீ அவனை நம்புகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் தப்பு. "சாப்பிட்டேன்" என்று சொல்லும்போது அவன் இடது காதைத் தடவினானா? கவனித்திருக்க மாட்டாய். கல்லூரியில் இன்று என்ன பாடம் என்று இரண்டு வருடம் நான் கேட்டபோதெல்லாம் அந்தக் காதைத் தடவினான். நான் பார்த்துக்கொண்டே நம்பினேன், அவன் என் பிள்ளை என்பதால். இனி நம்பப் போவதில்லை.

நர்ஸிடம் கேட்டு வை: அந்த ஒருவர் தாயாக இருக்கலாமா? முடியாது என்றால் நானே வந்து பேசுகிறேன்.

உன் ஃபிளாட்டில் பின் அறையைக் காலி செய். வியாழக்கிழமை வருகிறோம். மாமாவையும் அழைத்து வருகிறேன். அவருடைய மருந்தைத் தீவுக் கிளினிக்குக்கு மாற்றித் தரச் சொல்லிவிட்டேன். முறுக்கு விஷயத்துக்குப் பிறகு அவரையும் தனியே விட எனக்கு மனமில்லை. காலையில் கடை திறக்கும் முன் அவன் உன் வீட்டுக்கு வர வேண்டும் என்று சொல். வராவிட்டால் சூலியா தெருவில் அந்தக் கல்லா முன்னால் வந்து நிற்பேன் என்றும் சொல். நிற்பேன் என்று அவனுக்குத் தெரியும்.

இரண்டு பேரையும் என் எதிரே உட்கார வைத்து விழுங்கச் சொல்வேன். விழுங்கியதும் ஒருவர் பின் ஒருவராகப் பன்னிரண்டாம் வாய்ப்பாட்டை முழுதாக, சத்தமாகச் சொல்ல வேண்டும். வாயில் ஒரு மாத்திரையை ஒளித்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது.

அக்கா
குணவதி