நல்லா வளருது

செவ்வாய்க்கிழமை.

புற்றுநோய் செல்களுக்கு மருந்து ஊற்றியிருந்தேன். பெரும்பாலானவை செத்துவிட்டன. மரபணு ஓயாமல் மாறுவதால் சில மட்டும் பிழைத்துக்கொண்டன. இனி அந்த மருந்து அவற்றை ஒன்றும் செய்யாது. அவற்றை வளர்த்துப் பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தோழியிடம் போனில், "பொழைச்சதெல்லாம் நல்லா வளருது" என்று சந்தோஷமாகச் சொன்னேன். காசிமேட்டிலிருந்து வந்த சங்கரா மீனைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். அதே மருந்தைத்தான் அவள் தினமும் மாத்திரையாக விழுங்குகிறாள்.

"இன்னாடி வளருது?"

"லேப்ல வளக்கிற கேன்சர் செல்லும்மா."

"மருந்து ஊத்துன அப்பாலயுமா?"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டாள்.

"வளரட்டும். உன் படிப்புக்கு ஆவும்ல."

நாளைக் காலையில் நான்தான் அந்தச் செல்களுக்குத் தீனி போட வேண்டும்.