சிரிலோவின் நடை

புவெனோஸ் அயர்ஸ்

அன்புள்ள அம்மா,

கைகூப்பி உங்கள் ஆசி கேட்கிறேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம். மனநல வார்டு வேலையும் பழகிவிட்டது.

இங்கே ஒரு வேடிக்கை. வார்டில் சிரிலோ என்று ஒரு நோயாளி, நம்மைப் போலவே பராகுவேக்காரர், புது மாத்திரை தொடங்கிய மறுநாளிலிருந்து வராந்தாவில் ஓயாமல் நடந்தார். நம் ஊர்க் காகுபே மாதா திருநாள் வருகிறதே, நடந்தே யாத்திரை போக முடியாமல் இங்கேயே நடக்கிறார் என்று நினைத்துவிட்டேன். "தடுக்காதீங்க, மாதாவுக்காக நடக்கிறாரு" என்று மற்ற நர்ஸ்களையும் விலக்கினேன். பக்கவிளைவுத் தாளில் மூன்று நாளும் 'ஒன்றுமில்லை' என்று எழுதினேன்.

நான்காம் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. உட்கார்ந்தா காலு விடமாட்டேங்குது. டாக்டர்கிட்ட சொல்லி இதை நிறுத்து."

அது புது மாத்திரையின் பக்கவிளைவு என்று டாக்டர் மருந்தைக் குறைத்தார். இப்போது உட்கார்ந்து சாப்பிடுகிறார். அவர் செருப்புச் சத்தம்தான் என் காதில் இன்னும் நிற்கவில்லை.

அப்பாவின் பழைய மருந்துச் சீட்டு இருந்தால் அனுப்புங்கள். தன் கடைசி வருடத்தில் அவரும் மனநல மாத்திரையை விழுங்கிவிட்டு முற்றத்தையே சுற்றிச் சுற்றி நடந்தார். வேண்டுதல் என்று ஊருக்குச் சொன்னது நாம்தான். அவரிடம் ஒருநாளாவது கேட்டோமா, அம்மா?

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் நிமியா