வாத்தியார் மகளின் கோப்பை

ஏங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கொள்ளுங்கள். நான் ஆஸ்பத்திரி டியூட்டிக்குக் கிளம்புகிறேன். மகளுக்குத் துணையாகப் பக்கத்து வீட்டு அக்கா இருக்கிறார்.

இன்று ஓட்டப்பந்தயத்தில் முதலில் வந்தது அவள்தான். பள்ளிக்கூடமே பார்த்தது. கோப்பையை மட்டும் இரண்டாவதாக வந்த பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, "வாத்தியார் பொண்ணுக்கே பரிசான்னு நாலு பேர் பேசுவாங்க"ன்னு என்னிடம் சமாதானம் சொன்னீர்கள். அந்த நாலு பேரா வந்து இவள் அழுகையை நிறுத்துவார்கள்? நீங்கள் நல்ல பேர் வாங்க இவள்தானா கிடைத்தாள்?

ஐஸ்கிரீம் வாங்கி வந்து மழுப்பப் பார்க்காதீர்கள்.

இன்னொன்று. நான் செருப்பு மாட்டும்போது வந்து கேட்டாள்: "அடுத்த வருஷம் பந்தயத்தன்னைக்கு மட்டும் அப்பாவை லீவு போடச் சொல்றியாம்மா?"

உங்களிடமே கேட்கச் சொல்லிவிட்டேன். நீங்களே சொல்லுங்கள்.