ஆணியில் மாட்டிய சாவி

வீரசோழன்
4.5.2025

அன்பு அஸ்பியா அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், உன் தம்பி அஃப்ரீதுக்கு மீசை அரும்பிவிட்டது. இன்று காலை நிலவரப்படி பதினோரு முடி. உங்கள் ஆஸ்டல் முழுக்க இனிப்பு வழங்கவும்.

அப்புறம் ஒரு சின்னச் செய்தி. நோன்பு மாசத்துல களவு போன நம்ம கார் கெடைச்சிருச்சு!

போன் வச்சுக்க விடாத ஆஸ்டல்ல நீ இருக்குறதால இம்புட்டையும் கையால எழுத வேண்டியிருக்கு. திருச்சுழிக்கு அங்கிட்டு ஒரு வறண்ட கண்மாய்க்குள்ள, கருவேல முள்ளுக்கு நடுவுல, கண்ணாடியெல்லாம் இறக்குனபடி நின்னுச்சு. ஆடு மேய்க்கிற குருவம்மாள்னு ஒருத்தவுக பாத்துப் போலீசுக்குச் சொல்லியிருக்காக. ஆனா "இது நம்ம காரேதான்"னு முதல்ல துப்பு துலக்குனது நான். (நம்பர் பிளேட்டு இருந்துச்சு. அத விடு.)

கிட்டப் போனா 'ம்ம்ம்'னு ஒரே சத்தம். வண்டி இன்னும் ஓடுதோன்னு நெனச்சேன். பாத்தா, பின்சீட்டுக்கு மேல கூரையில இருந்து தேன்கூடு தொங்குதுக்கா! ஆயிரக்கணக்கான ஈ, எல்லாம் சேந்து மூச்சு விடுற மாதிரி ஏறி ஏறி இறங்குது. எனக்கே ஒரு ஜோக்கும் வரலைன்னா பாத்துக்க. வண்டிய எடுக்க வந்த போலீஸ்காரவுக கரை மேல ஏறி நின்னுட்டாக.

விசாரணைக்கு ஆண்டிச்சாமி அண்ணனையும் கூப்பிட்டிருந்தாக. அத்தா அவரை டிரைவர் வேலைய விட்டு நிறுத்துனதுக்கு அப்புறம் அன்னைக்குத்தான் பாத்தேன். துண்டைத் தலையில சுத்தி, காஞ்ச சாணியப் புகைய விட்டு, வெறுங்கையோட உள்ள போனாரு. முழங்கை வரைக்கும் ஈ. ஒண்ணுகூடக் கொட்டல. கூட்டை அலுங்காம எடுத்து ஒரு கருவேலங்கிளையில கட்டிவிட்டு, ஒடிஞ்ச தேனடைய மட்டும் அத்தாகிட்ட நீட்டுனாரு.

அத்தா வாங்கல. வண்டியிலயே தொங்குன சாவியப் பாத்துட்டாக. "பாத்தீகளா? உள்ளயே விட்டுட்டு, ஆணியில மாட்டுனேன்னு சத்தியம் பண்ணுனான்"னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாக. அண்ணன் பஸ்ஸுக்கு நடந்துட்டாரு.

கோர்ட்டுல மனு போட்டாத்தான் வண்டி வீட்டுக்கு வருமாம்.

இப்படிக்கு,
துப்பறியும் சிங்கம்
அஃப்ரீத்

மதுரை
10.5.2025

அன்புத் தம்பிக்கு, வ அலைக்கும் ஸலாம்.

பதினோரு முடிக்கும் தனித்தனியா வாழ்த்து. அம்மாவோட மை டப்பாவ எடுத்த எடத்துல வை.

தேன்கூட்டைப் பத்தி எழுதுனத நாலு தடவை படிச்சேன். ரூம்ல வாசிச்சுக் காட்டுனேன். சுப்ஹானல்லாஹ்னுட்டு எல்லாரும் திரும்ப வாசிக்கச் சொன்னாளுக.

ஆனா ஒண்ணு தொண்டையில நிக்குது. கார் களவு போன அன்னைக்கு, லீவுக்கு வந்திருந்த நான் அடுப்படியில கஞ்சிக்கு அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தேன். ஆண்டிச்சாமி அண்ணன் எப்பவும் போல வாசல் ஆணியில மாட்டிட்டு, "சாவி போட்டாச்சும்மா"ன்னு குரல் கொடுத்தாரு. என் காதால கேட்டேன். அத்தாகிட்டச் சொன்னதுக்கு, "தினமும் கேக்குற சத்தம், அன்னைக்கும் கேட்ட மாதிரி இருக்கும்"னுட்டாக. இப்ப அவரை நம்பி ஊர்ல யாரும் வண்டி கொடுக்க மாட்டேங்கிறாகளாம். அம்மா எழுதியிருந்தாக. அவருக்கு ரெண்டு பொம்பளப்புள்ளைக.

ஆணியில இருந்த சாவி தானா நடந்து போகுமா? ஏலே, அன்னைக்கு மத்தியானம் நீ எங்க இருந்த?

அக்கா
அஸ்பியா

வீரசோழன்
15.5.2025

அக்கா,

காருக்குள்ள இருந்தேன்.

இருபதாவது நோன்பு. வெயிலும் தாங்கல, பசியும் தாங்கல. சாவிய எடுத்து, ஏசியப் போட்டு, முன்சீட்டைச் சாச்சுப் படுத்துக்கிட்டு ஒரு பாக்கெட்டு பிஸ்கட்டு, ஒரு மாம்பழ ஜூஸு. தெருவுல அத்தா சத்தம் கேட்டுச்சு. வண்டிய அணைச்சுட்டு, வாயத் தொடச்சுக்கிட்டு, அந்தப் பக்கக் கதவைத் திறந்து ஓடிட்டேன். சாவிய மறந்துட்டேன். நோன்பு தொறக்கத் தெருவே பள்ளிவாசலுக்குப் போன நேரத்துல எவனோ கெளப்பிட்டுப் போயிட்டான். அன்னைக்கு ராத்திரி ஆண்டிச்சாமி அண்ணனை அத்தா வையும்போது நான் குர்ஆனைத் திறந்து வச்சு ஓதிக்கிட்டு இருந்தேன். நீகூட என் தலையத் தடவிட்டுப் போன.

உனக்கு எழுதாத ஒண்ணு இருக்கு. கூட்டை எடுக்கும்போது சீட்டுக்கடியில அந்த பிஸ்கட்டுக் கவரு கெடந்துச்சு. நாலா மடிச்சு முடிச்சுப் போட்டது. அப்படி மடிக்கிறது என் வேலைன்னு நம்ம வீட்டுல எல்லாருக்கும் தெரியும், அண்ணனுக்கும்தான். அண்ணன் அத எடுத்தாரு. என்னப் பாத்தாரு. கசக்கிச் சட்டைப்பையில வச்சுக்கிட்டாரு. அதுக்கப்புறம்தான் அத்தா அந்தப் பேச்சுப் பேசுனாக. பையில இருந்து வெளிய எடுத்திருந்தாப் போதும், மானம் திரும்பியிருக்கும். எடுக்கல. நான் பக்கத்துலயேதான் நின்னேன். அந்தக் கைய ஈ கொட்டலங்கிறது எனக்கு இப்ப ஆச்சரியமே இல்ல.

நேத்து அவரு வீடு வரைக்கும் போனேன். வாசல்லயே நின்னு திரும்பிட்டேன். அத்தாகிட்டச் சொல்லாம அவருகிட்ட என்னத்தச் சொல்ல?

வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லக்கா. ஊரையே வாயால மேய்ச்சாலும் அத்தா முன்னாடி நாக்கு ஒட்டிக்கிருது. அதனால இந்த லெட்டரை ஒட்டாம அவுக கையில கொடுத்து, "படிச்சுட்டு நீங்களே போஸ்ட் பண்ணுங்க"ன்னு சொல்லப் போறேன். உனக்கு வந்து சேந்துச்சுன்னா, அவுக படிச்சுட்டாகன்னு வச்சுக்க.

இப்படிக்கு,
பயந்துக்கிட்டு இருக்குற
அஃப்ரீத்