நாற்பத்தொன்றாம் நம்பர் பஸ்

மார்ச் 3

விடுதலைப் பதக்கமாம். எனக்கு! டெப்போவில் உட்கார்ந்து எந்த பஸ் எந்த டிரிப் போகணும் என்று எழுதிக்கொண்டிருக்கிறவளுக்கு. தம்பி கடிதத்தை ரெண்டு தரம் சத்தமாகப் படித்தான். இயக்கத்தில் இருந்தவன்; என் பெயரை எழுதிக் கொடுத்ததும் அவன்தான். வாயை மூடுடா என்றேன். பக்கத்து வீட்டில் அவள் இருந்தாள்.

மார்ச் 4

பக்கத்து வீட்டுக்காரி வேலைக்குக் கிளம்பும்போது வழக்கம்போல வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தாள். ஆறு வருஷமாக, எங்க டெப்போவில் டிரைவராக இருந்த அவள் புருஷன் செத்ததிலிருந்து, இப்படித்தான்.

"பதக்கமாமே! சொல்லவே இல்ல பாத்தீங்களாக்கா? நானும் வருவேன். என் புள்ளை இருந்தா முன்னாடி நின்னு விசில் அடிச்சிருப்பான்."

சிரித்தேன். என்ன ஜென்மமோ நான்.

மார்ச் 6

எழுதியாவது தொலைக்கிறேன்.

ஆறு வருஷத்துக்கு முந்தி, அன்றைக்கு விடியற்காலை சிப்பாய்களை ஏற்றிப்போக 41-ஐக் கேட்டிருந்தார்கள். இயக்கம் ரோட்டில் குண்டு வைத்துக் காத்திருக்க, முந்தின நாளே நம்பரைத் தம்பியிடம் சொல்லிவிட்டேன். அதில் எனக்குக் கூச்சமில்லை. ரேஷன் வரிசையில் நின்ற எங்க அப்பாவைச் சுட்டவர்கள் அவர்கள். மனு கொடுத்துப் பார்த்தோம், ஊர்வலம் போய்ப் பார்த்தோம். வேறென்ன செய்வது? சண்டை நியாயம்தான். இன்றைக்கும் அதையே சொல்வேன்.

ஆனால் 41 ஸ்டார்ட் ஆகவில்லை. சிப்பாய்கள் 27-இல் போய்விட்டார்கள். எட்டு மணிக்கு மெக்கானிக் 41-ஐச் சரிசெய்து கொண்டுவந்து நிறுத்தினார். மில் ஆட்களை ஏற்றிப்போகும் டிரிப்புக்கு வேறு வண்டி இல்லை. டிரிப் கட் ஆகக் கூடாது, பதினாலு வருஷப் பழக்கம். கை தானா 41-னு எழுதிடுச்சு. கை என்ன கை? நான்தான் எழுதினேன். "வர்றேன்க்கா"ன்னு கையெழுத்துப் போட்டுட்டு அவ புருஷன் ஏறினான். வண்டி கேட்டைத் தாண்டினப்புறம்தான் எனக்கு உறைச்சுது. ஐயோ, செருப்புகூட இல்லாம ரோட்டுல ஓடினேனே.

பன்னிரண்டு பேர்.

சிப்பாய்கள் வைத்த குண்டு என்று இயக்கம் நோட்டீஸ் அடித்தது. நான் வாயே திறக்கவில்லை. அப்பாவைக் கொன்னவனுங்களை விடமாட்டேன் என்று அவள் மகன் இயக்கத்தில் சேர்ந்தான். எட்டே மாசம். அவனும் போய்விட்டான்.

மார்ச் 7

தம்பியோடு சண்டை.

"போர்னா அப்படித்தான்க்கா. நாலு பேர் சாகாம எவனுக்கு விடுதலை கிடைச்சிருக்கு?"

"அந்த நாலு பேரைக் கேட்டியாடா?"

"நாடு கிடைச்சுதா இல்லையா?"

கிடைத்தது. இப்போது யாரும் என்னைத் தெருவில் நிறுத்திப் பையைக் கொட்டச் சொல்வதில்லை. அது லேசுப்பட்ட விஷயமில்லை. ஆனா அந்த நோட்டீஸ்? அது எந்த நியாயத்துல சேர்த்தி?

மார்ச் 8

போனேன். அவள் வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன்.

மார்ச் 9

சொல்லிட்டேன்.

நாளைக்கு விழாவுக்குக் கட்ட புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள். சுவிட்சை அணைத்தாள். கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடிச்சிருந்தா தேவலை.

"அப்போ என் புள்ளை யாரோட சண்டை போடப் போனான்க்கா?"

அவ்வளவுதான் கேட்டாள்.

மார்ச் 10

விழாவுக்குப் போகவில்லை. தம்பி கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

மார்ச் 11

ஏழரைக்கே வாசலில் போய் நின்றேன். அவள் கதவைப் பூட்டினாள். பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்தாள். சாவியைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தாள்.